ஓடிப்போனவன் வாங்கிய கோட்டு

"நீங்க தேடற ஆள் அவன் வீட்டுல இல்ல. மாமன் வீட்டுல ஒளிஞ்சிருக்கான். கதவை உடைச்சு உள்ள போகலாமா, கூடாதா?"

காரை ஓட்டிக்கொண்டே கேட்டாள் வெர்னா கோசியாக். மடியில் கேள்வி பதில் புத்தகத்தை விரித்து வைத்திருந்த டெல்பர்ட் ராக்லின் அதைப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"தாராளமா உடைக்கலாம் மேடம். அப்புறம் நம்மளப் பிடிக்க வேற ரெண்டு பேர் இதே மாதிரி ஒரு ஓட்டைக் காருல வருவாங்க."

"பரீட்சைல இப்படி எழுதினா மார்க் போட மாட்டாங்க."

"போன ரெண்டு தடவையும் போடலையே."

வேறொரு நாளாக இருந்தால் வெர்னா சிரித்திருப்பாள். நான்கு நாட்களாகச் சரியான தூக்கமில்லை. சவுத் பெண்ட் நகரத்துத் தெருக்களில் பனி உருகிச் சேறாகி, அந்தச் சேறு மறுபடி உறைந்து, கார் ஒவ்வொரு திருப்பத்திலும் தன் இஷ்டத்துக்கு ஒரு முழம் நகர்ந்தது. அவளுக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்தாறு வருடமாக ஜாமீன் ஏஜென்ட். சிறையிலிருந்து வெளியே வர வசதியில்லாதவர்களுக்காக நீதிமன்றத்தில் கையெழுத்துப் போடுவாள். அவர்கள் சொன்ன தேதியில் வராவிட்டால் போய்ப் பிடித்துக்கொண்டு வருவதும் அவள் வேலைதான்.

டெல்பர்ட் அவளைவிட ஆறு வயது மூத்தவர். அதே ஊரில் இருபத்தொன்பது வருடம் தபால்காரராக நடந்து, இரண்டு முழங்காலையும் தேய்த்துக்கொண்டு ஓய்வுபெற்றவர். வீட்டில் டி.வி. மட்டும் பேசுவதைச் சகிக்க முடியாமல், தப்பியவர்களைப் பிடிக்கும் லைசென்ஸ் வாங்கக் கிளம்பினார். அதற்கு உரிமம் பெற்ற ஒருவரோடு இத்தனை மணி நேரம் வேலை பார்த்ததாகக் கையெழுத்து வேண்டும். பரீட்சையிலும் தேற வேண்டும். பரீட்சை நாளைக் காலை.

"ராய்ஸைப் பத்தி இன்னொரு தடவை சொல்லுங்க மேடம்," என்றார். "கேள்வி பதிலை விட அது பரவாயில்ல."

ராய்ஸ் மாட்லாக், முப்பத்து நான்கு வயது, கூரை வேய்கிறவன். தன்னை வேலையிலிருந்து நீக்கிய முதலாளியின் ஆபீஸ் கதவில் குடித்துவிட்டுத் தன் டிரக்கை ஏற்றினான். யாருக்கும் அடி இல்லை. அவனுடைய அக்கா நடீன் தன் வீட்டை ஈடாக வைக்க, வெர்னா ஜாமீன் கொடுத்தாள். இருபத்தொன்றாம் தேதி வியாழக்கிழமை அவன் நீதிமன்றத்துக்கு வரவில்லை. இன்று திங்கள் மதியம் மூன்று மணிக்குள் கொண்டுவந்து நிறுத்தாவிட்டால் ஜாமீன் பறிமுதல் என்று நீதிபதி சொல்லிவிட்டார். அப்படியானால் நடீனின் வீடு போகும்.

"பத்தொம்பதாம் தேதி டிரக்கை வித்திருக்கான்," என்றாள் வெர்னா. "இருபதாம் தேதி ரூமைக் காலி பண்ணிட்டான். போன் கட். கேஸுக்கு முதல் நாள் எல்லாத்தையும் வழிச்சுத் துடைச்சிட்டுப் போயிருக்கான்."

"அக்கா என்ன சொல்றாங்க?"

"லாரி ஓட்டறவ. நெப்ராஸ்காவுல எங்கயோ இருக்கா. உன் தம்பி ஓடிட்டான்னு ஆரம்பிச்சேன், அவ்வளவுதான். கெட்ட வார்த்தை சொல்லிப் போனை வெச்சுட்டா. அப்புறம் எடுக்கவே இல்ல."

மிச்சமிருந்தது ஒரே ஒரு துப்பு. ரூம் சொந்தக்காரர் காலையில் போனில் சொன்னது: கடைசியாகப் பார்த்தபோது ராய்ஸ் கையில் கெல்லர்மன் தெருப் பழைய துணிக்கடையின் பை இருந்தது. வெர்னா கதவு எண்ணைக் குறித்து டெல்பர்ட்டிடம் கொடுத்திருந்தாள்.

"இங்கதான், நிறுத்துங்க," என்றார் டெல்பர்ட்.

வெர்னா நிறுத்தினாள். எதிரே ஒரு சவ அடக்க நிலையம் இருந்தது.

"ராய்ஸ் இங்க இருந்தா நம்ம வேலை சுலபம்," என்றார் டெல்பர்ட். "தப்பிக்கவே மாட்டான்."

"எந்த நம்பருக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"நீங்க எழுதினதுதான். இருநூத்து எழுபத்தேழு."

"அது இருநூத்திப் பதினொண்ணு."

டெல்பர்ட் காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார், பிறகு தூரத்தில் பிடித்தார். "இருபத்தொம்பது வருஷம் இந்த ஊரோட கிறுக்கல் அத்தனையும் படிச்சவன் நான். இதைப் பதினொண்ணுன்னு ஒருத்தனும் சத்தியம் பண்ண மாட்டான்."

"எங்கப்பா ஒண்ணுக்குத் தலை வெச்சுத்தான் எழுதுவார். அந்தப் பழக்கம்," என்று சொல்லி அவள் காரைத் திருப்பினாள்.

பழைய துணிக்கடையை நடத்திய பெண்மணிக்கு எழுபதை ஒட்டிய வயது. பெயர் இர்மா. வெர்னா காட்டிய புகைப்படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"இவன்தான். ஆனா தாடி இல்ல. அன்னிக்குத்தான் வழிச்சிருப்பான் போல, தாடையெல்லாம் வெட்டுக் காயம். கறுப்புக் கோட்டு ஒண்ணு, வெள்ளைச் சட்டை, ஒரு டை வாங்கினான்."

"வேஷம் மாத்தியிருக்கான்," என்றாள் வெர்னா மெதுவாக.

"டை கட்டிட்டு எவன் மேடம் ஓடுவான்?" என்றார் டெல்பர்ட். "எனக்கு டை கட்டினா சாப்பிடவே முடியாது."

"பாங்க்ல வேலை பாக்கறவன்னு நினைச்சு யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அதுக்குத்தான்." பிறகு இர்மாவைக் கேட்டாள்: "எங்க போறதா ஏதாவது சொன்னானா?"

"எங்கன்னு சொல்லல. மூணு மாசமோ ஆறு மாசமோ ஆகும்னான். அதுவரைக்கும் இதைப் பாத்துக்கங்கன்னு கெஞ்சினான். எனக்கு மனசு கேக்கல."

கல்லாவுக்குப் பின்னாலிருந்து பழுப்பு நிற நாய் ஒன்று எழுந்து வந்தது. காது ஒன்று மடிந்திருந்தது. அது நேராக டெல்பர்ட்டிடம் போய் அவர் கால்சட்டையை முகர்ந்தது. டெல்பர்ட் அசையாமல் நின்றார்.

"பதினோரு தடவை கடி வாங்கியிருக்கேன்," என்று உதட்டை அசைக்காமல் சொன்னார். "இதுங்களுக்குள்ள ஏதோ தகவல் தொடர்பு இருக்கு."

வெர்னா சுவரில் சாய்ந்தாள். டிரக், ரூம், போன், தாடி, இப்போது நாய். ஒருவன் தன் வாழ்க்கையிலிருந்து தன்னை இத்தனை சுத்தமாக வெட்டிக்கொண்டு போய்விட்டால், மூன்று மணிக்குள் அவனை எங்கே தேடுவது? மணி பதினொன்றே முக்கால்.

"நாய்க்கு என்ன போடணும்னு எழுதிக் குடுத்தான்," என்று இர்மா ஒரு சிறிய அட்டையை நீட்டினாள். வெர்னா வாங்கிப் படித்தாள். காலையில் ஒரு கிண்ணம், சாயங்காலம் ஒரு கிண்ணம். இடி இடித்தால் பாத்ரூம் கதவைத் திறந்துவைக்கவும். படுக்கையில் ஏறினால் திட்டாமல் இறக்கவும்.

அவள் கை தாழ்ந்திருந்தபோது நாய் எட்டி அந்த அட்டையை நக்கியது. வெர்னா கையை உயர்த்தினாள். நாய் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு மறுபடி வந்தது.

"சும்மா விடுங்க, அது எப்பவும் அதைத்தான் நக்கும்," என்றாள் இர்மா.

வெர்னா அட்டையை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். எண்ணெய் பட்ட இடங்கள் கண்ணாடி போலத் தெரிந்தன. ஓரத்தில் காய்ந்த கருஞ்சிவப்புத் தீற்றல். நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள்.

"பிளம்ஸ் ஜாம்," என்றாள். "கொதிக்கற எண்ணெய், பொடிச்ச சர்க்கரை, பிளம்ஸ் ஜாம். நாளைக்கு என்ன நாள் டெல்பர்ட்?"

"என் பரீட்சை நாள். நாடே அறியும்."

"பூஞ்ச்கி நாள். ஜாம் உள்ள வெச்சுப் பொரிச்ச பன்னை ஊரே வாங்கித் திங்கற நாள். ஈஸ்டர் நோன்புக்கு முன்னாடி கடைசிச் செவ்வாய். இந்த ஊர்ல பாதிப் பேர் விடியறதுக்கு முன்னாடி வரிசையில நிப்பாங்க. பேக்கரிக்காரங்க ஒரு வாரமா ஆள் கிடைக்காம யார் வந்தாலும் எண்ணெய்ச் சட்டி முன்னாடி நிறுத்துவாங்க. பேர்கூடக் கேக்க மாட்டாங்க."

"ஊரை விட்டே போகலையா அவன்?"

"இது எழுதினப்ப போகல. அவன்கிட்ட வண்டி கிடையாது. நாயோட இங்க நடந்து வந்திருக்கான். இங்கிருந்து நடக்கிற தூரத்துல பழைய முறையில பிளம்ஸ் ஜாம் வெக்கிற கடை ஒண்ணே ஒண்ணுதான். எங்க வீட்டுக்கே அங்கதான் வாங்குவோம்."

இருபத்தாறு வருட அனுபவம் ஒரு விநாடி அவள் முதுகை நிமிர்த்தியது. அட்டையை டெல்பர்ட்டிடம் கொடுத்துவிட்டுக் கையுறையைத் தேடினாள். டெல்பர்ட் வெறும் பழக்கத்தில் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அப்படியே நின்றார்.

"என்ன?"

"தபாலாபீஸ் அட்டை மேடம். ஊர்ல இருக்க மாட்டேன், என் தபாலை நிறுத்தி வெச்சிருங்கன்னு எழுதிக் குடுப்பாங்களே, அது. அடிச்சுத் திருத்தி வீணாப் போனதால பின்பக்கத்தை உபயோகிச்சிருக்கான்."

"சரி. அதுல என்ன?"

டெல்பர்ட் வாயைத் திறந்து, மூடினார். "இருபத்தேழாம் தேதியிலேர்ந்து நிறுத்தச் சொல்லியிருக்கான்."

"புதன்கிழமை. அதுக்குள்ள ஊரை விட்டுப் போயிடுவான். வாங்க."

டெல்பர்ட் அட்டையை மேல்பையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

பேக்கரிக்குப் போகும் வழியில் இன்னொரு கேள்வி கேட்டாள் வெர்னா. அவர் புத்தகத்தில் உள்ளபடியே பதில் சொன்னார். அடுத்த கேள்விக்கும் அப்படியே. பாலத்தடியில் ஒருவன் சைக்கிளோடு சறுக்கி விழுந்து, எழுந்து, சைக்கிளை உதைத்தான். டெல்பர்ட் அதற்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. முழங்கால் வலியோ, பரீட்சை பயமோ என்று நினைத்தாள். அதற்குமேல் யோசிக்கத் தெம்பில்லை.

பேக்கரியின் பின்வாசலில் மாவு மூட்டைகளுக்கு நடுவே அவனைப் பார்த்தார்கள். முழங்கை வரை மாவு, தாடையில் ஆறிவரும் வெட்டுக்கள். எண்ணெயில் பொன்னிறமாக மிதந்த பூஞ்ச்கிகளை நீளக் குச்சியால் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஆணியில், மாவு படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, கறுப்புக் கோட்டு தொங்கியது.

வெர்னா கைவிலங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றாள். டெல்பர்ட் முன்வாசலை அடைக்கப் போகவில்லை. போக வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"ராய்ஸ்."

அவன் திரும்பினான். முகம் மலர்ந்தது. "மிஸ் கோசியாக். எப்படிக் கண்டுபிடிச்சீங்க? நானே உங்களுக்குச் சொல்லணும்னு இருந்தேன், போன் போயிடுச்சு. ஒரு நிமிஷம், இது கருகிடும்."

குச்சியால் அள்ளித் தட்டில் போட்டான். அவசரமே இல்லை. வெர்னாவின் கை விலங்கின் மேலேயே நின்றுவிட்டது.

"கோர்ட்டுக்கு ஏன் வரல?"

"எப்போ?"

"வியாழக்கிழமை. இருபத்தொண்ணாம் தேதி."

"இருபத்தேழு தானே?" அவன் ஏப்ரனில் கையைத் துடைத்தான். "புதன்கிழமை. எல்லாம் தயார் பண்ணி வெச்சிருக்கேன். ரூமைக்கூட விட்டுட்டு ராத்திரி இங்கயே படுத்துக்கறேன். குத்தத்தை ஒத்துக்கப் போறேன். ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்ல இருக்க வேண்டியிருக்கும்னு ஒரு வக்கீல் சொன்னார். அவர் ஃபீஸுக்குத்தான் டிரக்கை வித்தேன், புதன்கிழமை கையில குடுத்தப்புறம்தான் கேஸை எடுப்பாராம். நீதிபதி முன்னாடி மனுஷனா நிக்கணும்னு அக்கா சொன்னா. அதான் கோட்டு." பர்ஸை எடுத்து, நான்காக மடித்த சீட்டு ஒன்றை வெளியே இழுத்தான். "இதோ பாருங்க, நீங்க எழுதிக் குடுத்தது."

வெர்னா வாங்கினாள். அவள் ஆபீஸ் சீட்டு, அவள் பேனா, அவள் எழுத்து. மாதம், பிறகு ஒரு இரண்டு, அதன் பக்கத்தில் நீளமாகத் தலை வளைந்த ஒரு ஒன்று.

ஏழு என்றால் நடுவில் கோடு போட்டிருப்பாள். எப்போதும் போடுவாள். அது அவளுக்கும் செத்துப்போன அவள் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

பேக்கரிக்குள் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். அவள் டெல்பர்ட்டைப் பார்த்தாள். அவர் மாவு மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராய்ஸ் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "இருபத்தொண்ணா அது? அப்போ நான்தான் தப்பாப் படிச்சுட்டேன். படிப்பு எனக்கு எப்பவுமே தகராறு. அய்யோ, நடீனோட வீடு..."

"மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு," என்றாள் வெர்னா. "கோட்டைப் போட்டுக்க."

நீதிமன்ற வாகன நிறுத்தத்தில் காரை நிறுத்தினாள். மணி இரண்டு பத்து. பின்னிருக்கையில் ராய்ஸ் கண்ணாடியில் பார்த்து டையோடு போராடிக்கொண்டிருந்தான். அவள் இறங்கிக் காருக்கு முன்னால் போய் நின்றாள். டெல்பர்ட்டும் இறங்கினார்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அட்டையைப் பாத்தப்போ. ஓடறவன் ஒரு வாரம் கழிச்சு ஒரு தேதியிலேர்ந்து தபாலை நிறுத்தச் சொல்ல மாட்டான். இருபத்தேழுன்னு பாத்ததும் காலையில நாம தப்பாப் போய் நின்ன சவ அடக்க நிலையம் ஞாபகம் வந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"பயம்." அவர் குளிரில் மூக்கை உறிஞ்சினார். "உங்க கையெழுத்து எனக்கு வேணும். ஆபீசரோட தப்பைக் கண்டுபிடிச்சா என்ன ஆகும்னு தபாலாபீஸ்ல பாத்திருக்கேன்."

வெர்னா தலையாட்டினாள். காருக்குள் பார்த்தாள். தான்தான் தப்பாகப் படித்தேன் என்று அவனே சொல்லிவிட்டான். உள்ளேயும் அதையே சொல்வான். நீதிபதி நம்பலாம், நம்பாமல் போகலாம். நம்பாவிட்டால் வராமல் போனதற்குத் தனியாக ஒரு வழக்கு. சீட்டு அவள் பைக்குள் இருந்தது. அவன் திருப்பிக் கேட்கக்கூட இல்லை.

"இருபத்தாறு வருஷம்," என்றாள். "ரெண்டு பேரைத் தவிர எல்லாரையும் பிடிச்சிருக்கேன். இப்போ யோசிச்சா, அதுல எத்தனை பேருக்கு நான் கையாலதான் தேதி எழுதிக் குடுத்தேன்னு தெரியல."

டெல்பர்ட் காலால் உறைந்த சேற்றைக் கிளறினார். அவருக்கு ஒரு வேடிக்கையும் தோன்றவில்லை போலிருந்தது.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கூப்பிட்டார்கள். ராய்ஸ் எழுந்து நீதிபதியைப் பார்த்து, "மேடம், நான் படிச்சதுல தப்பு..." என்று ஆரம்பித்தான்.

"அவன் சரியாத்தான் படிச்சான்," என்று வெர்னா எழுந்தாள். "தேதியை எழுதினது நான். யார் பாத்தாலும் இருபத்தேழுன்னுதான் படிப்பாங்க." சீட்டை மேசையில் வைத்தாள்.

நீதிபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். குமாஸ்தாவிடம் காட்டினார்.

"இருபத்தேழு," என்றார் குமாஸ்தா.

"மிஸ் கோசியாக், உங்க எழுத்தால இவர் நாலு நாள் தேடப்படற குற்றவாளியா இருந்திருக்கார். அது உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியுது."

பிடிவாரண்ட் ரத்தானது. ஜாமீன் அப்படியே தொடரும், நடீனின் வீட்டுக்கு ஆபத்தில்லை. அடுத்த தேதி ஏப்ரல் பதினாறு. அதை அச்சடித்துத் தரும்படி நீதிபதி குமாஸ்தாவிடம் இருமுறை சொன்னார். பிறகு வெர்னாவைப் பார்த்து, "உங்களுக்கு லைசென்ஸ் குடுத்த ஆபீஸுக்கு நான் எழுதியாகணும். அதுக்கு முன்னாடி நீங்களே எழுதிட்டா நல்லது," என்றார். குரலில் கோபம் இல்லை. அவரும் களைத்திருந்தார்.

வெளி வராந்தாவில் டெல்பர்ட் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நடந்தார்.

"லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்களா?"

"கொஞ்ச நாளைக்காவது நிறுத்தி வெப்பாங்க."

"அப்போ நாளைக்கு நான் பரீட்சை எழுதறதுல அர்த்தம் இருக்கா?"

"எழுதுங்க. இந்த ஊர்ல எழுத்தைப் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தராவது இந்த வேலைக்கு வேணும்." அவள் நின்று மூச்சு வாங்கினாள். "கதவை உடைக்கலாமான்னு கேட்டா கூடாதுன்னு மட்டும் எழுதுங்க. மீதியை மனசுக்குள்ள சொல்லிக்கங்க."

படிக்கட்டில் ராய்ஸ் நின்றுகொண்டிருந்தான். கோட்டின் கை ஒரு அங்குலம் நீளம். அச்சடித்த தாளை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். சந்தோஷப்பட வேண்டியவன் முகத்தில் அது இல்லை.

"என்ன ஆச்சு?" என்றாள் வெர்னா. "ஏப்ரல் வரைக்கும் வெளியில இருக்கலாம்."

"அதான்." அவன் தெருவைப் பார்த்தான். "ரூமை விட்டுட்டேன். டிரக் இல்ல. நாயைக் குடுத்துட்டேன். நாளைக்கோட பேக்கரி வேலையும் முடியுது. உள்ள போறதுக்கு எல்லாம் பாத்துப் பாத்து ஏற்பாடு பண்ணினேன் மிஸ் கோசியாக். வெளியில இருக்கறதுக்கு ஒண்ணுமே பண்ணி வெக்கல."

டெல்பர்ட் சுருட்டிய தொப்பியை நீவித் தலையில் வைத்தார்.

வெர்னா தன் கைப்பையைத் துழாவி ஆபீஸ் சாவியை எடுத்தாள். "சோபா இருக்கு. ஹீட்டர் சத்தம் போடும். ஏப்ரல் வரைக்கும் வாடகை கேக்க மாட்டேன், ஏன் எதுக்குன்னு என்னையும் கேக்காதே." சாவியை அவன் கையில் வைத்தாள். கார்ச் சாவியை டெல்பர்ட்டிடம் கொடுத்தாள். "நீங்க ஓட்டுங்க. முதல்ல நாயைக் கூட்டிட்டு வருவோம்."

"முன்னாடி யார் உக்கார்றது?" என்றான் ராய்ஸ்.

"நீதான்."

அவள் பின்கதவைத் திறந்து, பிடிபட்டவர்களை உட்கார வைக்கும் இருக்கையில் ஏறிக் கண்ணை மூடினாள். இரண்டாவது சிக்னல் வருவதற்குள் அவள் தூங்கிவிட்டதை டெல்பர்ட் கண்ணாடியில் பார்த்தார். ரேடியோவை அணைத்துவிட்டு, பள்ளங்களைப் பார்த்து மெதுவாக ஓட்டினார்.